பெட்டியில் பெயர் போட்ட கம்பெனி

அட்டாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனியில் கேம் எழுதியவர்களுக்குச் சம்பளம் இருந்தது, கேம் பெட்டியில் பெயர் இல்லை. கடுப்பான டேவிட் கிரேன் உள்ளிட்ட சிலர் வெளியேறி 1979-ல் கலிபோர்னியாவில் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கினார்கள். டிவியில் இணைத்து விளையாடும் அட்டாரி இயந்திரத்துக்கு வெளியாட்கள் கேம் செய்வதா என்று வழக்கும் வந்தது. ஆக்டிவிஷனில் கேம் எழுதியவரின் பெயரைப் பெட்டியில் போட்டதோடு நிற்காமல், கையேட்டில் அவர் படத்தையும் அச்சிட்டார்கள்.

1982-ல் கிரேன் எழுதிய பிட்ஃபால் என்ற கேம் செம வேலை! இயந்திரத்தின் நினைவகமே 128 பைட். கேம் பதிந்து இயந்திரத்தில் செருகும் கேட்ரிட்ஜ் 4 கிலோபைட். அதில் 255 காட்சிகள். எதையும் வரைந்து சேமிக்கவில்லை. ஒரே ஒரு பைட்டைக் கணக்குப்போட்டு மாற்றி மாற்றி, குழி, முதலை, தொங்கும் காட்டுக்கொடி எல்லாம் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்புறம் இன்னொன்று: அப்போது பிட்ஃபாலில் 20,000 புள்ளி எடுத்தவர்கள் டிவி திரையைப் படம்பிடித்துக் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் வந்தது.