சைகோன் தாத்தாவின் கிளை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது. பாகூர் கொம்யூனில், ஆற்றுக்குப் பக்கத்தில்தான் என் அம்மா வீடு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதாம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நான் போய்ச் சேர மூன்று நாள் ஆகிவிட்டது.

ஆயா கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. ஆயா போய் இருபது வருஷமாகியும் அதை யாரும் நகர்த்தவில்லை. திறந்தால் சேறும் காகிதமும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், நாலு மொய் நோட்டு, நூல் கட்டி வைத்த கருமாதிப் பத்திரிகைகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன போட்டோக்கள், ஏழெட்டுக் கடிதங்கள். சித்தப்பா நல்ல மனசோடு பாதி போட்டோக்களை மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டிருந்தார். அவை அப்பளம் போலச் சுருண்டு, பிரிக்கும்போது முகங்களோடு கிழிந்தன.

மீதியைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வெள்ளம் புதிதில்லை. ஒட்டிய போட்டோக்களை இழுக்கக் கூடாது. சுத்தமான தண்ணீர்த் தட்டில் ஊறவிட்டால் தானே பிரியும். பிறகு முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். நோட்டுகளில் நாலைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்து, ஃபேன் காற்றில், தாளை மாற்றி மாற்றி உலர்த்தினோம். செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஏறிவிடும். பேனாவில் எழுதியது நிறைய கரைந்துபோனது. பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. காய்ந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தோம். பத்து நாள் ஆனது.

அந்தப் பத்து நாளில்தான் கொடிவழி, அதாவது குடும்பத்தின் வம்சாவளிப் பட்டியல், எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பெரியப்பா எப்போதோ எழுதிய ஒன்று இருந்தது. அதில் நான் இல்லை. என் அக்கா இல்லை. அத்தைகள் யாருமே இல்லை. பாகப்பத்திரத்தைப் பார்த்து எழுதினால் அப்படித்தான் வரும், அதில் பங்கு வாங்கிய ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். நிலத்தின் நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் ‘இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு’ என்று வரும் பெயர்களில் பாதி பங்காளிகள்தான், அது உதவியது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண்கள் எந்த எல்லையிலும் வரமாட்டார்கள்.

அவர்களைக் கொடுத்தது மொய் நோட்டு. 1958-ல் ஒரு காதுகுத்துக்கு எழுதிய நோட்டில் ஊர்வாரியாகப் பிரித்திருந்தார்கள்: கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு இடத்தில் ‘பித்தளைக் குடம் 1’. யார் யாருக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்று அந்தப் பக்கங்களே சொல்லிவிட்டன. கருமாதிப் பத்திரிகை அதைவிட மேல். மகன், மகள், மருமகன், பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று மூன்று தலைமுறையை வரிசையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்வார்கள். படமாவது எடுத்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

மிச்சத்தை அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் அக்கா, 84 வயசு, திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் இருக்கிறார். போனில் பதிவு போட்டு எதிரில் வைத்தால் பேச்சு வராது. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டால் கொட்டும். வாரம் ஒரு நாள் போனேன். நாலாவது வாரம் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். எல்லாம் சைகோனிலிருந்து கொள்ளுத்தாத்தாவுக்கு வந்தவை. சைகோன் வியட்நாமில் இருக்கிறது, அப்போது புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கையெழுத்துப் போட்ட இடம் எல்லாவற்றிலும் கரைந்துவிட்டது. ஒன்றில் ‘வடகம் இரண்டு படி கப்பலேறும் ஆளிடம் கொடுத்தனுப்பவும்’ என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது.

“அது சைகோன் தாத்தாடி. எங்க தாத்தாவுக்கு அண்ணன். அவரு எல்லாத்தையும் விட்டுட்டாரு. மதம் மாறிட்டாரு, பேரையும் மாத்திக்கிட்டாரு. அதோட ஒட்டு ஒறவு இல்லேன்னு போச்சு.”

அத்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியப்பாவின் கொடிவழியில் அந்த இடமே கிடையாது.

புதுச்சேரியில் பழைய குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் எத்தா சிவில் பதிவேட்டில் விரிவாக எழுதி வைத்தார்கள். 1880-ல் அவர்களுடைய உரிமையியல் சட்டத்தின் பதிவு விதிகள் இந்தியர்களுக்கும் வந்தன. கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவைத் தேடி ஒரு அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். கடைசியில், அந்த வருஷத்துப் புத்தகம் கரையான் அரித்துவிட்டது, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வழி சொன்னவர் அம்மா வீட்டுத் தெருவில் இருக்கும் ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இங்கே எழுதிய பதிவேட்டுக்கு இன்னொரு பிரதி பிரான்சுக்குப் போகும் என்றார். 1776-லேயே அவர்கள் அரசர் போட்ட ஆணையாம் அது, கடல் கடந்த ஊர்களில் எழுதுவது எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி அங்கே வந்தாக வேண்டும் என்று. அந்தப் பிரதிகள் இப்போது ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய பதிவேடுகளைப் படம் எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

பெயரைத் தட்டினால் வந்துவிடாது. ஊரையும் வருஷத்தையும் தேர்ந்தெடுத்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். வருஷக் கடைசியில் பெயர் அட்டவணை உண்டு. பத்து வருஷத்துக்கு ஒரு முறை பெரிய அட்டவணையும் உண்டு, முதலில் அதைப் பார்த்தால் நேரம் மிச்சம். பெயர்களைப் பிரெஞ்சு காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யூ இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும். அதனால் முருகேசனை ‘எம், ஓ, யூ’ என்று தேட வேண்டும். சாமிக்கு இரண்டு எஸ். பிள்ளை ‘புல்லே’ ஆகிவிடுவார். ‘அல்தே’ என்றால் கிராமம், ‘குல்திவாத்தெர்’ என்றால் விவசாயி. இந்த நாலைந்து சொல் பழகினாலே பதிவில் பாதி புரியும். மீதியைச் சொல்தா பெரியவர் படித்துச் சொன்னார்.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகத் தேடி 1896-ல் கண்டுபிடித்தோம். மாப்பிள்ளைக்கு 22, பெண்ணுக்கு 15. இருவரின் அப்பா அம்மா பெயரும் இருந்தது. அந்த ஒரு பக்கத்தில் எங்கள் கொடிவழி ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டது. பெண்ணுக்குக் கையெழுத்துத் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். பிரெஞ்சு எழுத்துகளுக்கு நடுவில் கொள்ளுத்தாத்தா தமிழில் போட்ட கையெழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், கடைசி எழுத்தின் காலை நீளமாக இழுத்துவிட்டிருக்கிறார். என் அப்பாவும் அப்படித்தான் இழுப்பார். போனில் பெரிதாக்கி எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது.

அதற்குக் கீழே சாட்சிகள். முதல் சாட்சி மாப்பிள்ளையின் அண்ணன், சைகோனில் குமாஸ்தா. பெயர் வேறு. பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்று, கையெழுத்தும் பிரெஞ்சு எழுத்தில். பக்கத்திலேயே பழைய தமிழ்ப் பெயரையும் எழுதி, முன்பு இப்படி அழைக்கப்பட்டவர் என்று குறித்திருந்தார்கள்.

அவர் ரெனோன்சான், அதாவது துறந்தவர். 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஒரு சட்டப்படி, பிரெஞ்சு இந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கப்படியான சட்ட நிலையை எழுதிக்கொடுத்துத் துறந்துவிட்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போகலாம். போகும்போது ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமும் சொத்தும் வாரிசும் அதன்பிறகு பிரெஞ்சு சட்டப்படிதான். சாமி கும்பிடுவதை விடச் சொல்லி அதில் எதுவும் இல்லை. வியட்நாம் பக்கத்துப் பிரெஞ்சுக் குடியேற்றமான இந்தோசீனாவில் அரசு வேலைக்குப் போன புதுச்சேரிக்காரர்கள் பலர் இப்படிப் போனவர்கள். எங்கள் வீட்டில் ‘துறந்துவிட்டார்’ என்ற சொல் மட்டும் தங்கி, எதைத் துறந்தார் என்பது மறந்து, நாலு தலைமுறையில் மதம் மாறி உறவை விட்டவர் ஆகிவிட்டார். பாகப்பத்திரத்தில் அவர் பெயர் இல்லாததும் அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் 1896-ல் அவர் தம்பி கல்யாணத்துக்கு வந்து முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் வடகம் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் யாரையும் விடவில்லை.

குடும்பப் பெயர் கிடைத்த பிறகு வேலை சுலபமானது. (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் பெயர்.) சொல்தா பெரியவருக்குப் பாரிஸ் பக்கம் அந்தப் பெயரில் ஒரு குடும்பத்தைத் தெரியும். என் அண்ணன் அவர்களுக்குக் கடிதம் எழுதினார், கல்யாணப் பதிவின் படத்தையும் சேர்த்து அனுப்பினோம். இருபது நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் வாட்ஸாப்பில் ஒரு பழைய போட்டோ வந்தது. கோட்டும் தலைப்பாகையும், நெற்றியில் விபூதிப்பட்டை. அடியில் ‘சைகோன்’.

சரி, எல்லோரையும் கூட்டலாம் என்று முடிவானது. பாரிஸ்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. நமக்கு அப்போது ஆடி, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற மாதம். 2025-ல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. வேறு நாள் தேடவே இல்லை. எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன். வெளியே வாழ்முனியும் செம்முனியும் உட்கார்ந்திருக்கும் சின்னக் கோயில்.

தகராறு வந்தது பணத்தில்தான். குறைந்ததால் இல்லை, யாரிடம் வாங்குவது என்பதில். பங்காளிகளுக்குக் கோயில் செலவுக்கென்று வீட்டுக்கு இவ்வளவு என்ற தலைக்கட்டு வரி உண்டு, கட்டிக்கொடுத்த பெண்ணிடம் வாங்கும் வழக்கம் இல்லை. “பொண்ணுகிட்ட கைநீட்டறதா?” என்று பெரியப்பா மகன் கேட்டார். அவர் கேட்டதும் மரியாதையில்தான். ஆனால் வரி கொடுக்காதவர்களைக் கணக்கில் எழுதமாட்டார்கள், கணக்கில் இல்லாதவர் கொடிவழியிலும் இல்லாமல் போகிறார். இதை நான் நிதானமாகத்தான் சொன்னேன், தொண்டை மட்டும் அடைத்துவிட்டது. இரண்டு கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. கடைசியில் அத்தை தன் சுருக்குப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து, “எங்க அப்பன் வீட்டு சாமிக்கு நான் குடுக்கறேன், எழுதிக்கோ” என்று சித்தப்பா முன்னால் வைத்தார். அவர் எழுதினார். அதன் பிறகு ஆண், பெண் என்று பிரிக்காமல் வீட்டுக்கு ஐந்நூறு என்று ஆனது.

அன்றைக்கு நூற்று நாற்பது பேர் வந்தோம். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், எட்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குள் வந்த ஆறு என்று சொன்னால் நம்ப முடியாது. பொங்கல் வைத்த பிறகு கோயில் சுவரில் ஐந்து மீட்டர் காடாத்துணியைக் கட்டினோம். அதில் நான் பென்சிலில் எழுதி வைத்திருந்த கொடிவழி. அவரவர் பெயரை அவரவரே வந்து மார்க்கரில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. பிழையிருந்தால் அங்கேயே சொன்னார்கள். இருபத்தாறு திருத்தம் வந்தது. மருமகள்கள் தங்கள் பெயரோடு பிறந்த ஊரையும் எழுதியது நான் எதிர்பார்க்காதது. பாரிசிலிருந்து வந்த பையனுக்குத் தமிழ் பேச்சு புரியும், எழுதத் தெரியாது. அண்ணன் மகள் ஒரு தாளில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான்.

அவன் அம்மா பந்தியில் குழம்பை முகர்ந்துவிட்டு, இது ‘வதுவான்’ என்றார். பாரிசில் கடையில் புட்டியில் போட்டு விற்கிறார்களாம், அது நம் வடகம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அத்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சின்ன வெங்காயம் எவ்வளவு, பூண்டு எவ்வளவு, விளக்கெண்ணெய் தடவி எத்தனை வெயில் காய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

துணி இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது. படங்கள் பாகூரிலும் மஞ்சக்குப்பத்திலும் பாரிசிலும் மூன்று பென் டிரைவில் இருக்கின்றன.

சைகோன் தாத்தாவின் திதி மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவர் இறந்தது 1931 என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், நாள் தெரியாது. அவ்வளவு பழையதல்லாத பதிவுகளுக்கு நாந்த் நகரில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு மையத்துக்கு எழுத வேண்டும். பாரிஸ் குடும்பத்தார் எழுதினார்கள், இறப்புப் பதிவின் நகல் வந்தது. தேதியை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்ததில் மாசி மாதத் தேய்பிறையில் வருகிறது. வருகிற மாசியில் அம்மா வீட்டில் படையல்.

போன வாரம் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உறியிலிருந்த டப்பாவைக் காட்டி, “போன சித்திரையில போட்ட வடகம் இருக்கு, எடுத்துட்டுப் போ” என்றார்.