சான்றிதழில் என்ன பெயர் இருக்கும்?

பிளஸ் டூ முடித்த கோடையில், இயற்பியல் படிப்பதென்று முடிவெடுக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எந்தப் பெயரில் உள்ள இயற்பியல் என்பதற்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்தில் விசாரித்தால், ஒரு கல்லூரியில் வெறும் இயற்பியல் இருந்தது, இன்னொன்றில் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய இயற்பியல் இருந்தது, மின்னணுவியல் தனிப் பட்டமாகவே இருந்தது. விண்ணப்பம் நிரப்பித் தந்த கணினி மையத்தில், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கம்ப்யூட்டர் இருக்கறதையே போட்டுரலாம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

கட்டணம் கட்டுவதற்கு முன்பாக எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் அதைக் காட்டியது நல்லதாகப் போயிற்று. "சர்டிபிகேட்ல என்ன பேரு வரும்னு கேட்டியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வர விரும்பினால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையானதிலோ இருக்க வேண்டும் என்றும், பெயர் சற்று மாறினாலும் அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று பின்னாளில் அலைய நேரும் என்றும் அவர் விளக்கினார். அன்றே விருப்பத்தை வெறும் இயற்பியலுக்கு மாற்றினேன். கணினி கலந்த பட்டம் தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர் வேலையைக் கருதாதவருக்கு அது பொருந்தவும் கூடும்.

ஆனால், துணைப் பாடங்களைப் பற்றி நான் ஒன்றுமே கேட்காமல் சேர்ந்துவிட்டேன். எங்கள் கல்லூரியில் முதலாண்டு வேதியியல், இரண்டாமாண்டு கணிதம் என்று வரிசை வைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் பிப்பெட்டை உறிஞ்சி 20 மில்லி அளந்து நிறமாற்றத்துக்காகக் காத்திருந்த அதே பருவத்தில், இயக்கவியல் தாளில் வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்து நின்றன. அவற்றை முறையாகக் கற்பிக்கும் கணிதத் தாள் வருவதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. வரிசையை மாற்றித் தரும்படி கேட்டோம், நடக்கவில்லை. கணிதத் துறை அண்ணன் ஒருவர் மாலையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால் அந்தத் தாளைத் தாண்டினேன். இரண்டாமாண்டில் படித்த அணிகளும் ஐகன் மதிப்புகளும் மூன்றாமாண்டுக் குவாண்டம் இயக்கவியலில் அப்படியே கைகொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

பிற துறை விருப்பப் பாடத்தைப் பலரும் மதிப்பெண்ணுக்காகவே எடுப்பார்கள். நான் புவியியல் (ஜியாகரபி) துறைக்குப் போகாமல், பாறைகளைப் பற்றிப் படிக்கும் நிலவியல் (ஜியாலஜி) துறையைத் தேர்ந்தெடுத்தேன். பேராசிரியர் மேசைமேல் வைத்த கரும்பச்சைக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, எங்கள் வீட்டு வாசற்படிக்குப் போட்டிருக்கும் கல் அது என்று தெரிந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்பதும், மலையுச்சியில் பாக்சைட்டும் அடிவாரத்தில் மேக்னசைட்டும் கிடைப்பதற்கான காரணங்களும் அங்குதான் விளங்கின. இரண்டு கிரெடிட் மட்டுமே உள்ள ஒரு பாடத்துக்கு அது அதிகம்.

இப்போது எம்.எஸ்சி. விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கணிதத்தைத் துணைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நான் பார்த்த பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஒரு படிவத்தில் அதன் இரண்டு பருவ மதிப்பெண்களையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் 71, இரண்டாவதில் 58 என்று எழுதினேன்.