உள்ளங்கைக்கு வேறு நிறம்: அவதார் பட்டறைக் குறிப்புகள்

ஜனவரி 6

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் நானாக உலவும் உருவத்துக்கு, அதாவது என் அவதாருக்கு, என் நிறம் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கிடைக்கிற கருப்புத் தோல்களைப் போட்டுப் பார்த்தால், பலவும் வெளுத்த தோலின் மேல் பழுப்புச் சாயம் ஊற்றியதுபோல் இருக்கின்றன. சரி, தோல் நிறத்தை மாற்ற நாமே ஒரு கருவி செய்துகொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன். உடலுக்கு ரூத்2 என்ற அவதார் உடலை எடுத்திருக்கிறேன்; திறந்த மூலம் என்பதால் உள்ளே நம் ஸ்கிரிப்டை (சிறு நிரலை) போட்டுக்கொள்ளலாம், விலைக்கு வாங்கும் உடல்கள் பலவற்றில் அதற்கு அனுமதியே இருக்காது.

ஜனவரி 9

மெனு தமிழில்தான் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். செகண்ட் லைஃபின் ஸ்கிரிப்ட் மொழியான எல்எஸ்எல் தரும் டயலாக் பெட்டியில் 12 பட்டன் வரை வைக்கலாம், ஒரு பட்டனில் 24 பைட்டுக்கு (கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) மேல் எழுத முடியாது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒரு உயிரெழுத்துக்கோ அகர மெய்க்கோ 3 பைட், மேலே வரும் புள்ளிக்கு 3, துணைக்குறிக்கு இன்னொரு 3. ‘கண் நிறம்’ என்று எழுதினேன், பிழை காட்டியது. விரல் விட்டு எண்ணினால் 25! நடுவில் இருந்த இடைவெளியை எடுத்துவிட்டுக் ‘கண்நிறம்’ என்று போட்டதும் சரியாக உட்கார்ந்தது. ‘உள்ளங்கை’ கச்சிதமாக 24. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பட்டன்கள் கீழ் வரிசையின் இடதுபக்கத்திலிருந்து மேல்நோக்கி அடுக்கப்படுகின்றன, அதனால் என் பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டியிருந்தது.

ஜனவரி 13

என் நிறத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 255 வரையிலான அளவில் 139, 90, 60 என்று எண்களைக் கொடுத்தேன், தோலில் துளி மாற்றமில்லை. ராத்திரி பாதிநேரம் போனது. எல்எஸ்எல்-லில் நிறம் 0 முதல் 1 வரைதான். அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் 1 என்றே எடுத்துக்கொள்ளும், 1 என்றால் தோல் படம் உள்ளது உள்ளபடியே தெரியும். மூன்றையும் 255-ஆல் வகுத்தேன். 0.545, 0.353, 0.235. மறுநொடி கருத்தது.

ஜனவரி 14

நேரமில்லை. மாநிறத்துக்கும் கருப்புக்கும் நடுவில் நான்கு நிறங்கள் மட்டும் சேர்த்தேன்.

ஜனவரி 20

இன்றைக்குத்தான் கவனித்தேன். அவதார் கையை ஆட்டியபோது உள்ளங்கையும் புறங்கையும் ஒரே கருப்பு! உதடு, நகம் எல்லாமே அப்படித்தான். ஸ்கிரிப்ட் கொடுக்கும் நிறம் படத்தோடு பெருக்கப்படுகிறது, ஆகவே எல்லாவற்றையும் ஒரேபோல் இருட்டாக்கிவிடும். விளக்கடியில் என் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வெளிறி, லேசாகச் செம்மை ஓடி இருக்கிறது, ரேகைகள் மட்டும் பழுப்பு. சாயம் பூசியதுபோல் ஏன் தோன்றியது என்பதற்கு இதுதான் பதில். இனி ஸ்கிரிப்ட் உதவாது, படத்திலேயே கை வைக்க வேண்டும்.

ஜனவரி 27

அடிப்படைத் தோல் தலை, மேல் உடல், கீழ் உடல் என்று மூன்று படங்கள். 2019-இல் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்த பிறகு, இவற்றை மெஷ் உடலிலும் (ரூத்2 போலத் தனியாக வடிவமைத்து அணியும் உடல்) நேராகப் போர்த்திக்கொள்ளலாம். பைத்தானில், படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தை வைத்துச் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன்: தோலின் சாம்பல் நிறப் படம் ஒன்று, உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் உதட்டுக்கும் தனித்தனி மாஸ்க் (நிறம் எந்த இடத்தில் படவேண்டும் என்று காட்டும் படம்), ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். முதல் தடவை உள்ளங்கையின் ஓரம் கையுறை போட்டதுபோல் வெட்டித் தெரிந்தது. மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கினேன், ரேகைகளை மட்டும் மேலே திரும்ப வரைந்தேன். அப்புறம் இடுப்பில் ஒரு கோடு. மேல் உடலும் கீழ் உடலும் சேரும் இடத்தில் நிறம் இம்மி பிசகினாலும் தெரிந்துவிடுகிறது. பதிவேற்றாமலே நம் கணினிப் படத்தை அவதார்மேல் போட்டுப் பார்க்கும் வசதி இருப்பதால் பிழைத்தேன், இருபது தடவையாவது மாற்றியிருப்பேன்.

பிப்ரவரி 2

தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, “எனக்கும் பண்ணித் தாடி” என்றாள். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்கள் அனுப்பினாள், ஒன்று புறங்கை, மற்றது உள்ளங்கை. எண்களை மாற்றி ஓட்டினேன், ஒரு நிமிடத்தில் மூன்று படமும் வந்தன. போட்டுக்கொண்டு வெகுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், “விரல் மூட்டு என்னது இன்னும் கருப்பா இருக்கும்டி” என்றாள். உண்மைதான், அவள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. நாளை மூட்டுகளுக்கு ஒரு மாஸ்க் வரைய வேண்டும்.