50 நாள் என்றார்கள், எனக்குக் கிடைத்தது 22

முதல் கிரெடிட் கார்டு கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வட்டியும் அதன் மேல் ஜிஎஸ்டியுமாக 1,392 ரூபாய் போய்விட்டது. பொருள் வாங்கிய தேதியை மூன்று நாள் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆகஸ்டில் தம்பிக்குக் காலேஜ் திறக்கும்போது லேப்டாப் வேண்டியிருந்தது. என் சீட்டுப் பணமோ செப்டம்பர் 15-ல்தான் வரும். கையில் இருந்த 40,000 ரூபாய் எஃப்டி (வங்கியில் போட்ட வைப்புத் தொகை) அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஒதுக்கியது, அதை உடைக்க மனம் வரவில்லை. நான் இதுவரை கடனே வாங்காததால் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) கிடையாது. அதனால் அந்த எஃப்டியின் பேரிலேயே 32,000 லிமிட்டில் வங்கியில் ஒரு கார்டு கொடுத்தார்கள். முதல் கார்டு வாங்குகிறவர்களுக்கு இது நல்ல வழிதான், அதில் எனக்குக் குறையில்லை.

கார்டு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. ஆதாரில் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரி. கூரியர்காரர் வந்தபோது வீடு பூட்டியிருக்க, கார்டு திரும்பிப் போய்விட்டது. அரை நாள் லீவு போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் கிளைக்குப் போனேன். "கார்டு எங்ககிட்ட வராதுங்க மேடம், கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்க" என்றார்கள். அதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாமே! மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, அம்மாவை இரண்டு நாள் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருக்கச் சொல்லித்தான் வாங்கினோம். விண்ணப்பம் எழுதும்போதே கார்டு எந்த முகவரிக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 8-ம் தேதி ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 27,000 ரூபாய்க்கு லேப்டாப் எடுத்தோம். கடைப் பையன் நோ காஸ்ட் ஈஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்வதைப் போடச் சொன்னான். அதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டிக்கு உண்டான 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும், பிராசசிங் கட்டணம் வேறு. வேண்டாம் என்றேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன்.

கார்டுக்கு எழுதி வாங்கிய அதிகாரி "50 நாள் வட்டியே இல்லம்மா" என்று சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 8-லிருந்து 50 நாள் எண்ணினால் செப்டம்பர் 27. சீட்டுப் பணம் 15-ல் வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஆகஸ்ட் 10-லேயே பில் வந்துவிட்டது. கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 30.

துண்டுப் பிரசுரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். '50 நாள் வரை' என்று இருந்தது. அந்த 'வரை'யைத்தான் அவர் சொல்லாமல் விட்டார். என் கார்டுக்கு மாதாமாதம் 10-ம் தேதி பில் போடுவார்கள், அதிலிருந்து 20 நாளில் கட்ட வேண்டும். 11-ம் தேதி வாங்கினால் அது அடுத்த மாத பில்லில்தான் ஏறும், 50 நாள் கிடைக்கும். 8-ம் தேதி வாங்கிய எனக்கு 22 நாள். பெரிய தொகைக்குக் கார்டைத் தேய்க்கும் முன் உங்கள் பில் தேதி எது என்று பாருங்கள். அது போன மறுநாள் வாங்குங்கள்.

கிளைக்குப் போன் போட்டேன். "மினிமம் ட்யூ 1,350 கட்டிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் எடுத்தவர். மினிமம் ட்யூ என்றால் அந்த பில்லுக்குக் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. 28-ம் தேதி கட்டினேன். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபிலில் தவணை தவறியதாகவும் ஏறாது. ஆனால் வட்டியில்லாக் காலம் அப்படியே போய்விடும். மிச்சத் தொகைக்கு மட்டும், அதுவும் கடைசி நாளுக்குப் பிறகுதான் வட்டி என்று நினைத்திருந்தேன். அவர்கள் முழு 27,000-க்கும், வாங்கிய ஆகஸ்ட் 8-லிருந்தே போட்டார்கள். மாதம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42. செப்டம்பர் 2-ல் வாங்கிய 1,800 ரூபாய் மளிகைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது, ஏனென்றால் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கும் சலுகை கிடையாது. செப்டம்பர் பில்லில் வட்டி 1,022, ஜிஎஸ்டி 184.

சீட்டுப் பணம் வந்த அன்றே பில் தொகை முழுவதையும் கட்டினேன். தொல்லை விட்டது என்று பார்த்தால், அக்டோபர் பில்லில் இன்னொரு 186. பில் போட்ட 10-ம் தேதிக்கும் நான் கட்டிய 15-ம் தேதிக்கும் நடுவில் ஓடிய வட்டியாம். ஒருமுறை பாக்கி வைத்தால், அடைத்த பிறகும் அடுத்த பில்லை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

இனி மாட்டக்கூடாது என்று பில் தேதியை மாற்றக் கேட்டேன். எனக்குச் சம்பளம் 5-ம் தேதி வருகிறது, 30-ல் கட்டச் சொன்னால் எங்கே போவது? "அதெல்லாம் மாத்த முடியாதுங்க" என்று கவுண்டரில் கைவிரித்தார்கள். ஆனால் 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட கிரெடிட் கார்டு விதிகளிலேயே பில் சுழற்சியை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஈமெயில் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். நான்காம் நாள் போன் வந்தது. இப்போது பில் 20-ம் தேதி, கடைசி நாள் அடுத்த மாதம் 10. அந்தச் செய்தியைக் கேட்டதும் ஆபீஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன்!

கையோடு கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் படிவமும் கொடுத்தேன். அதில் 'மினிமம் தொகை' என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு நீட்டினார்கள். அடித்துவிட்டு 'முழுத் தொகை'யில் டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.