முயல் தீவில் ஒரு காலை நடை

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவதென்றால் எங்களுக்கு வழக்கம் குற்றாலம் பக்கம்தான். இந்த முறை அம்மாவும் வருவதாகச் சொல்ல, முட்டுவலியோடு மேடேற முடியாதென்று தூத்துக்குடி முயல் தீவுக்கு வண்டியைத் திருப்பினோம். திருநெல்வேலியிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். இருட்டோடு கிளம்பிவிட்டோம்.

தீவு என்றதும் சின்னவன் படகைக் கேட்டான். துறைமுகச் சாலையே கொண்டுபோய் விட்டுவிடும் என்றதும் முகம் தொங்கிவிட்டது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைக் காட்டிச் சமாளித்தேன். (மண்டபம் பக்கம் இருக்கும் முசல் தீவு வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முயல், எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.)

இங்கே கரைதான் பாதை. அலை நனைத்துப்போன மணலில் கால் புதையாது, அம்மாவுக்கு அது தோதாக இருந்தது. மேட்டு மணலில் அடும்பங்கொடி படர்ந்து கிடக்கிறது. ராவணன் மீசைப் புல் குத்தும், செருப்பைக் கழற்ற வேண்டாம். நண்டு வளைகளைக் குனிந்து குனிந்து பார்த்து, நூறு அடி நடக்க அரை மணி நேரமானது.

அங்கேதான் சின்னவன் ஒரு கல்லைப் பொறுக்கினான். வெள்ளையாக, தேன்கூடு மாதிரி துளைத்துளையாக.

"ஏல, இது எங்க வீட்டுச் சுவருல்லா!" என்றாள் அம்மா.

அம்மா பிறந்தது தூத்துக்குடியில். அந்தக் காலத்தில் கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைதான் வீட்டுக்குக் கல். சுட்டால் சுண்ணாம்பும் அதுதான். அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், வடக்கே வான் தீவு கரைந்து சிறுத்துவிட்டது. விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தன. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. செத்த துண்டானாலும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

"அப்போ ஆச்சி வீட்டுக்கு மட்டும் எடுத்தாங்க?"

"அப்ப யாருக்கு மக்கா தெரியும்" என்றாள் அம்மா. கல்லைக் கீழே வைக்க அவனுக்கு மனமே இல்லை. கடைசியில் அவளே வாங்கி, அலை வரும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

எட்டரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தண்ணீரும் தொப்பியும் கையோடு கொண்டுபோங்கள். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடுவதே வேலையாகிவிடும்.

திரும்பும்போது மக்ரூன் வாங்கிவிட்டுப் பழைய தெரு வழியாகப் போகச் சொன்னாள் அம்மா. அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பக்கத்து வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் அதே துளைகள். சின்னவன் இறங்கிப் போய் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தான்.