தாடலை மாஸ்டர்

சென்ற மாதம் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அந்தியேட்டிச் சாப்பாடு. பக்கத்து இலைக்காரர் மோரைக் குடித்தபடி, "மோட்சம், நிர்வாணம், முத்தி எல்லாம் ஒன்றுதானே, பேர்தானே வேறு" என்றார். தலையாட்டி வைத்தேன். செத்தவீட்டுக்காரர் முன்னால் வாதாடுவது அழகல்ல. ஆனால் பழைய விடைத்தாள் ஒன்றின் ஓரத்தில் கண்ட சிவப்பு மை எழுத்துகள் கண்ணுக்குள் வந்து நின்றன. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

1979. உயர்தர வகுப்பு, இந்து நாகரிகம். மாஸ்டர் வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி உள்ளே வந்து, கடைசி வாங்கைப் பார்த்து, "வீடு என்றால் என்ன? தம்பி, நீர் சொல்லும்" என்றார்.

"மணி அடித்ததும் போகிற இடம், சேர்."

வகுப்பு சிரித்து அடங்கும்வரை மாஸ்டரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "சரி. போகிறவர் யார்?"

ஆண்டு முழுவதும் அவர் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். விடுவதால் வீடு. எதை விடுவது என்பதில் ஆளாளுக்குப் பதில் உண்டு; பற்றை, வினையை, ஆணவத்தை என்று அடுக்கலாம். விட்ட பிறகு அங்கே யார் இருக்கிறார் என்று கேட்டால்தான் சமயங்கள் பிரிந்து நிற்கும் என்பார்.

அன்று கரும்பலகையில் வெண்கட்டியால் இரண்டு சொற்களை எழுதினார். தாள், தலை. நடுவே ஒரு கூட்டல் குறி. எதிரே 'தாடலை'. சைவ ஆசாரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் முத்தி நிலைக்குக் காட்டும் உவமை அது. தாள் இறைவனுடையது, தலை உயிருடையது. சேர்ந்தபின் காதுக்கு ஒரே சொல். பொருள் சொல்லப் புகுந்தால் இரண்டு. முத்தியிலும் உயிர் அழிவதில்லை, அதைப் பிணித்திருந்த மலம்தான் வலி குன்றுகிறது, இன்பத்தை நுகர உயிர் இருந்தே ஆகவேண்டும் என்ற சைவ சித்தாந்தம் முழுவதையும் ஒரு புணர்ச்சி விதியில் அடைத்துவிட்டார். தமிழ் இலக்கணத்தைக் கண்டு ஓடிக்கொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து பார்த்தேன். பட்டப்பெயரும் அன்றைக்கே விழுந்தது.

அத்வைதம் சொன்ன சங்கரரை அவர் விரைவாகவே கடந்துபோனார். கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு விளக்கு வந்தால் பாம்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை, இருக்கவே இல்லை. அப்படியானால் விடுபட்டவன் என்று இரண்டாமவன் ஒருவனும் இல்லை. "அழகான நியாயம். ஆனால் தேவாரம் பாட ஆள் மிஞ்சாது" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சைவ மாஸ்டரின் பக்கச்சார்பு அது. அவர் மறைத்ததும் இல்லை.

பௌத்தத்துக்கு மட்டும் வகுப்பறை போதவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுக்குக் கூட்டிப்போனார். குறிகட்டுவானில் படகு ஏறி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, நாகவிகாரையையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒருவன் கேட்டான்: "கற்பூரம் மிச்சமில்லாமல் எரிந்து அணைகிறதே, சேர், நிர்வாணம் என்பதும் அதுதானே?" உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்க, மாஸ்டர் படகின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பாடம் நடத்தினார். வச்சகோத்தர் என்ற துறவி புத்தரிடம், முத்தி பெற்றவர் இறந்தபின் எங்கே பிறப்பார் என்று கேட்கிறார். முன்னால் எரியும் தீ அணைந்தால் கிழக்கே போனதா, மேற்கே போனதா என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியே தீக்குப் பொருந்தாது. விறகு தீர்ந்தது, அவ்வளவுதான். பாளியில் உபாதானம் என்றால் எரிபொருள், பற்று என்று இரு பொருளும் உண்டு என்று சொல்லி நிறுத்தியவர், திடீரென்று தொடையில் தட்டினார். "தமிழிலும் தீ பற்றுகிறது என்றுதானே சொல்கிறோம்! மணிமேகலையிலும் பிறவிக்குக் காரணமான பன்னிரண்டு நிதானங்களை அடுக்கும்போது வேட்கைக்கு அடுத்தது பற்று." படகோட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அப்படியானால் அங்கே யார் விடுபடுகிறார்? ஆன்மா என்று நிலையான ஒன்றை புத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதலை உண்டு, விடுதலை பெற்றதாகச் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. அதை வெறும் அழிவு என்று சொல்லவும் புத்தர் விடவில்லை. எனக்கு அன்று அது பயத்தைத்தான் தந்தது.

பிரம்மஞான சபை (தியோசொபிக்கல் சொசைட்டி) வேறு வழியாக வந்து சேர்ந்தது. யாழ்தேவியில் போய்க் கொழும்புக் கோட்டையில் இறங்கினால், நிலையத்துக்கு முன்னால் தாடியோடு நிற்கும் சிலையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! ஹென்றி ஒல்கொட், அமெரிக்கப் படையில் கேர்ணலாக இருந்தவர். பிளவாட்ஸ்கி அம்மையாரோடு 1875இல் நியூயோர்க்கில் சபையைத் தொடங்கி, 1880 மே மாதம் காலியில் இருவருமாகப் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானார்கள். அடுத்த ஆண்டே ஒல்கொட் பௌத்த வினாவிடை நூலை வெளியிட்டார். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை அதற்கு முந்தியது. இரண்டு நூலுமே பாதிரிமாரின் வடிவத்தை இரவல் வாங்கி அவர்களுக்கே பதில் சொன்னவை என்று மாஸ்டருக்கு ஒரு குறும்புச் சந்தோஷம்.

சென்னையில் படித்த காலத்தில் அந்தச் சபையின் அடையாறு தலைமையகத்தில் வாங்கிய புத்தகங்கள் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன. கன்மம், மறுபிறவி, நிர்வாணம், மேலைநாட்டுப் பரிணாமம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சியிருக்கிறார்கள் என்பார். உயிர் பல பிறவிகளில் படிப்படியாக ஏறுகிறது, முத்தியும் அந்த நெடும் பயணத்தில் ஒரு படி என்பது அவர்கள் கொள்கை. உலக குருவாக அவர்கள் வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தமக்காக உருவாக்கிய அமைப்பை 1929இல் தாமே கலைத்துவிட்ட கதையைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்காது. ஆனால் பிளவாட்ஸ்கியின் 1889ஆம் ஆண்டுச் சிறுநூல் ஒன்றை மட்டும் மரியாதையாக எடுப்பார். நிர்வாணத்தின் வாசல்வரை போனவர், உலகம் அழுவதைக் கேட்டுத் திரும்பிவிடுவதே உயர்ந்த வழி என்கிறது அது. மகாயானத்தின் போதிசத்துவர்தான், வேறு உடுப்பில்.

"அப்பரும் மனித்தப் பிறவி வேண்டும் என்றாரே, சேர்?" என்றேன் கெட்டிக்காரத்தனமாக.

"அவர் கேட்டது எடுத்த பொற்பாதத்தைக் காண. இவர்கள் கேட்பது மற்றவர்களுக்காக. இரண்டையும் குழைக்காதீர்."

நான் குழைத்தேன். தவணைப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி, "ஆகவே எல்லாச் சமயங்களும் கூறும் முத்தி ஒன்றே" என்று முடித்தேன். இருபதுக்கு ஆறு. ஓரத்தில் சிவப்பு மையில்: "யார் விடுபடுகிறார்? ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வாரும்."

2003இல், போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில், அவர் வீட்டுக்குப் போனேன். அலுமாரி இருந்தது, தட்டுகள் வெறுமை. போரால் நேர்ந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கையில் எடுத்துப்போனது திருவருட்பயன் ஒன்றைத்தானாம். தேநீர் வந்தது. நெடுநாளாக அரித்த ஒன்றைக் கேட்டேன்.

"சேர், தாள் என்பதில் 'ட' இல்லை, தலையிலும் இல்லை. தாடலையில் மட்டும் எங்கிருந்து வந்தது?"

நிமிர்ந்து பார்த்தார். "இதை அன்றைக்குக் கேட்டிருந்தால் ஆறைப் பன்னிரண்டாக்கியிருப்பேனே" என்றார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.