ஊருணியில் தொடங்கும் விலங்கியல்

விலங்கியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் சிங்கமும் யானையும்தான். செட்டிநாட்டில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில், எனக்கு அந்தத் தொடக்கத்தில் ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை. இதுவரை பெயரிடப்பட்டு விவரிக்கப்பட்டுள்ள விலங்கினங்கள் ஏறத்தாழ 15 லட்சம். அவற்றில் பூச்சிகள் மட்டுமே சுமார் 10 லட்சம். பூச்சிகளுக்குள்ளும் வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். பாலூட்டிகளோ 6,500 அளவில்தான் இருக்கின்றன. சிங்கத்திலிருந்து தொடங்குகிற மாணவன் விலங்குலகத்தின் மிகச் சிறிய ஒரு மூலையில் நின்றுகொண்டு அதையே முழுமை என்று எண்ணிக்கொள்கிறான்.

இனங்களின் எண்ணிக்கையும்கூடப் பன்மையின் ஒரு பக்கம்தான். ஓர் உடல் எந்த அமைப்பில் கட்டப்பட்டிருக்கிறது, அந்த அமைப்பு யாருடைய வழிவந்தது என்பதே ஆழமான வேறுபாடு. 1758இல் வெளிவந்த தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளை ஆறே வகுப்புகளாகப் பிரித்தார்: பாலூட்டிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். இவற்றில் கடைசி வகுப்பு உண்மையில் ஒரு வகுப்பே அல்ல. மற்ற ஐந்திலும் அடங்காத நத்தை, அட்டை, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் அவர் அதற்குள் தள்ளிவிட்டார். பின்வந்தவர்கள் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததன் விளைவாகவே இன்று விலங்குலகம், உடலமைப்பை வைத்துப் பிரித்த முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக விரிந்திருக்கிறது. முதுகெலும்புள்ள அனைத்தும் சேர்ந்தாலும் அவற்றில் ஒரே ஒரு தொகுதியின் ஒரு பகுதிதான்.

இதை விளக்க எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றே போதும். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளின் பட்டாலைக் கூடத்தின் விட்டத்தில் வௌவால் தொங்கும். இரண்டாம் கட்டில் எலி ஓடும். வீட்டுக்காரர்களுக்கு இரண்டுமே தொல்லை. ஆனால் உலகப் பாலூட்டி இனங்களில் ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள், ஐந்தில் இரண்டு பங்கு எலி, அணில் முதலான கொறிப்பன. ஆக, சிங்கத்தைவிட இவைதாம் பாலூட்டி வகுப்பின் சரியான பிரதிநிதிகள். நிலைக்கதவின் மூலையை அரிக்கும் கரையானை எறும்பின் உறவாகப் பலரும் எண்ணுகிறார்கள். எறும்பு, குளவியும் தேனீயும் சேர்ந்த குலத்தைச் சேர்ந்தது. கரையானோ கரப்பான் பூச்சியின் கிளை. 2007இல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதிப்படுத்திய பிறகு, கரையானுக்கென்று இருந்த தனி வரிசையும் கரப்பான் வரிசைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. கூட்டமாக வாழ்வதும் புற்றுக் கட்டுவதும் தொழில் ஒற்றுமை. உறவைச் சொல்ல அவை போதாது.

வீட்டின் சுவரும் விலங்குகளால் ஆனதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். செட்டிநாட்டுப் பூச்சு வேலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்ததை எல்லாரும் அறிவர். கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்து ஓடாக மாற்றும் வேலையைச் செய்தவை சிப்பி, நத்தை முதலான மெல்லுடலிகள். அந்த ஓட்டைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் பழைய கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. வேதியியல் கணக்கில் அந்த வீட்டின் சுவர் இன்னும் சிப்பி ஓடுதான்.

ஆயினும் வீட்டுக்குள் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படுபவை பெரும்பாலும் இரண்டே தொகுதிகள்: பூச்சிகள் அடங்கிய கணுக்காலிகள், முதுகெலும்புள்ளவை அடங்கிய முதுகுநாணிகள். தோட்டத்துக்குப் போனால் மண்புழுவும் நத்தையும் சேரும். உலர் நிலத்தில் வாழ்வது அவ்வளவு கடினம். உடல் காயாமல் காக்க ஓடோ தோலோ வேண்டும், காற்றில் மூச்சுவிட உறுப்பு வேண்டும், தண்ணீர் தாங்காத இடத்தில் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். விலங்குத் தொகுதிகளில் பெரும்பாலானவை இந்தப் பாட்டைப் படாமல் நீரிலேயே நின்றுவிட்டன. முட்தோலிகள் என்னும் நட்சத்திர மீன் தொகுதி நன்னீருக்குள்கூட வந்ததில்லை. அதைப் பார்க்க நாங்கள் கிழக்கே தொண்டிப் பக்கம் கடலுக்குத்தான் போக வேண்டும். பூச்சியைவிடவும் நத்தையைவிடவும் நமக்கு நெருங்கிய உறவு அந்த நட்சத்திர மீன்தான் என்பதைக் கருவளர்ச்சியும் மரபணுவும் ஒன்றுபோலச் சொல்கின்றன.

அதனால்தான் நான் பாடத்தை ஊருணியில் தொடங்குகிறேன். நம் நாட்டு நன்னீர்க் குளங்களில், மூழ்கிய குச்சியில் பச்சையாகவோ பழுப்பாகவோ படர்ந்திருக்கும் பஞ்சுயிரி, துளையுடலித் தொகுதி. தண்டில் ஒட்டிக் உணர்நீட்சிகளை விரிக்கும் ஹைட்ரா, குழியுடலித் தொகுதி. இவற்றோடு தட்டைப்புழு, உருளைப்புழு, அட்டை, ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு, ஆப்பிள் நத்தை, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, தட்டானின் நீர்வாழ் இளம்பருவம், கெண்டை, விரால் என்று அடுக்கினால், ஒரு காட்டிலே நாள் முழுதும் அலைந்தாலும் காணக் கிடைக்காத தொகுதி வேறுபாடு ஒரு குடம் தண்ணீருக்குள்ளும் அடியிலுள்ள சேற்றுக்குள்ளும் இருக்கக்கூடும்.

இந்தப் பக்கத்து ஊருணிகள் வானம் பார்த்தவை. ஐப்பசி மழையில் நிறைந்து, சித்திரை, வைகாசியில் பல ஊருணிகளின் தரை வெடித்துவிடும். மீன் இல்லாமல் போகலாம். மற்றவை எங்கே போகின்றன என்பதே எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த கேள்வி. ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீர் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு, உடலின் செலவுகளைக் குறைத்து அடுத்த மழைவரை கிடக்கிறது. நன்னீர்ப் பஞ்சுயிரி, கடினமான உறைக்குள் செல்களைப் பொதிந்து வைத்துவிட்டுத் தான் அழிந்துபோகிறது. டாஃப்னியா, நல்ல காலத்தில் ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகளைப் பெருக்கி, நெருக்கடி வரும்போது மட்டும் ஆண்களையும் உண்டாக்கி, இணைந்து, வறட்சியைத் தாங்கும் முட்டைகளை உறையிட்டு விடுகிறது. ரோட்டிஃபர்களில் டெலாய்டு என்னும் பிரிவில் இதுவரை ஆணே கண்டறியப்படவில்லை. அவை உடலையே சுருக்கி உலர்ந்துபோய், ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். சைபீரியாவின் உறைமண்ணில் சுமார் 24,000 ஆண்டுகள் கிடந்த டெலாய்டு மீண்டும் உயிர்த்து இனம் பெருக்கியதாக 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் ஊருணி கேட்பது ஒரு கோடையை மட்டும்தான்.

நத்தை மிகுந்த இடத்தில் அதைத் தின்னும் பறவையும் இருக்கும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்ப் பகுதிக்கு வரும் பறவைகளில் நத்தை குத்தி நாரையும் ஒன்று. அதன் இரு அலகுகளும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். நத்தையை அந்த இடைவெளியில் வைத்து உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கீழலகின் கூர்நுனியை மூடிக்கடியில் நுழைத்து, ஓட்டோடு உடலைப் பிணைக்கும் தசையை அறுத்து, சதையை முழுதாக உருவி எடுக்கிறது. குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இருப்பதில்லை. வளர வளரத்தான் தோன்றுகிறது.

நுண்ணோக்கி இல்லாதவர்களும் இதைத் தொடங்கலாம். கோடையில் வறண்ட ஊருணியின் தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, மழைநீரோ கிணற்று நீரோ ஊற்றி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் ஆகாது. முதலில் பெருகுபவை பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிரிகளாக இருக்கும். இன்றைய வகைப்பாட்டில் அவை விலங்குகளே அல்ல என்பதால் காத்திருக்க வேண்டும். சில நாளில், தத்தித் தத்தி நீந்தும் புள்ளிகள் தென்பட்டால், ஒன்றை ஒரு சொட்டு நீரோடு கண்ணாடித் துண்டில் ஏற்றிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். டாஃப்னியாவாக இருந்தால் தலையில் கறுப்பாக ஒரே ஒரு கண் தெரியும். உடல் கண்ணாடி போன்றிருப்பதால், முதுகுப்புறம் இதயம் துடிப்பதையும் காணலாம்.